வளைவுக் கூரையும் என் காற்றுக் கணக்கும்

கட்டடத் தொழிலில் மற்ற எல்லாரும் கண்ணுக்குத் தெரிகிற வேலை செய்கிறார்கள். எனக்கு வாய்த்தது காற்றுக்குக் கணக்குப் போடுகிற வேலை. கல்யாண மண்டபம், குடோன், உள்விளையாட்டு அரங்கம் என்று பெரிய கட்டடங்களுக்கு நடுவில் தூணே இல்லாமல், பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைவாகத் தகடு போடுகிறார்களே, அந்தக் கூரைகளின் மேல் காற்று எவ்வளவு பலமாக வேலை செய்யும், அதற்கு எவ்வளவு இரும்பு, எத்தனை போல்ட்டு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். 1993-ல் விழுப்புரத்தில் ஒரு கட்டட ஆலோசகரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நாலு வருஷம் கழித்து திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து சொந்தமாக போர்டு மாட்டினேன்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அடுத்தவருக்குப் புரியவைத்துப் பிழைக்கிற யாராக இருந்தாலும், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டோ, பல் டாக்டரோ, கூடவே ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு படிக்கலாம்.

இலை அசையாத மே மாதம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெருமுக்கல் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டிக்காரரைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் வேர்க்கடலையைச் சொல்வோம். மூட்டை அடுக்க நூறடி நீளத்தில் வளைவுக் கூரை போட்ட குடோன் கட்டப்போகிறார். மே மாதம், மதியம் பன்னிரண்டு மணி. புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை. அந்தப் புழுக்கத்தில் நின்றுகொண்டு, புயல் அடித்தால் என்ன ஆகும் என்று நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கூரை மேல் காற்று மோதினால் அது கீழே அமுங்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வளைவுக் கூரையில் காற்று வருகிற ஓரம் கொஞ்சம் அமுங்கலாம்; ஆனால் வளைவின் முதுகில் ஏறி ஓடும்போது காற்று வேகம் பிடித்து, கூரையை மேலே இழுக்கும். அதனால்தான் கூரையைத் தாங்குவதற்குச் செலவழிப்பதைப்போல, அதைக் கீழே பிடித்து வைப்பதற்கும் செலவழிக்கிறோம்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஒரு காகிதத் துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்து அதன் முதுகின் மேல் ஊதிக் காட்டினேன். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழும்பியது. மண்டிக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று தடவை ஊதிப் பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் ஊதிக் காட்டினார். எனக்கு ஒரே சந்தோஷம், முதல் ஆளே புரிந்துகொண்டார் என்று. அப்புறம் வரைபடத்தைக் கையில் வாங்கி, தூணுக்கு அடியில் நான் காட்டியிருந்த கான்கிரீட்டையும் போல்ட்டுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரிம்மா, கூரைய எதுக்கு இப்டி கட்டி வெக்கிறீங்க, அது இன்னா கயித்த அறுத்துக்கினு ஓட்ற கன்னுக்குட்டியா?"

சார் எப்ப வருவாரு?

திண்டிவனத்தில் போர்டு மாட்டிய பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு பீரோவும் குடமும்தான் இருந்தன. பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட வந்தார். சார் எப்ப வருவார் என்று கேட்டார். இன்ஜினியர் நான்தான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பரவாயில்லைங்க, இருந்தே பார்த்துட்டுப் போறேன் என்று உட்கார்ந்துகொண்டார். நான் விடாமல் முக்கால் மணி நேரம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நடுநடுவே வாசலைப் பார்த்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சாயங்காலம் பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வருவார். அன்றைக்கும் வந்தார். அந்த மனிதர் எழுந்து நின்று கும்பிட்டு, வரைபடத்தை அவரிடம் நீட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. நீங்களே படிங்க என்று கையைக் காட்டினேன். நான் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பை அவர் செய்யுள் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. வந்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இப்பதாங்க சார் வெளங்குது, மேடம் சொன்னப்போ வெறும் கணக்கு மாதிரி இருந்துச்சு."

ஒரு பக்கம் சுவர் இல்லாத மண்டபம்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு ஒரு சமூகக்கூடம் கட்ட முடிவானது. வளைவுக் கூரை, கீழே ஐந்நூறு பேர் உட்காரலாம். கணக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு பங்குப் பேரவையில் ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. திருவிழா நாளில் வெளியே நிற்கிறவர்களும் நாடகம் பார்க்க வேண்டும், அதனால் வாசல் பக்கச் சுவரை எடுத்துவிடலாம். எல்லாரும் கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நடந்த கூட்டத்தில் நான் எழுந்து, சுவர் இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும் என்றேன். திறந்த பக்கமாக உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியே போக வழி இருக்காது, கீழிருந்து கூரையைத் தள்ளும். மேலே ஓடுகிற காற்று ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். சுவரை எடுங்கள், ஆனால் அஸ்திவாரத்தைப் பெரிதாக்கி, போல்ட்டையும் கூட்டியாக வேண்டும் என்றேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. பெரிய வியாழன் அன்று பாடுகிற ஒரு பெரியவர் எழுந்து, ஆண்டவருக்காகக் கட்டுகிற கட்டடத்தை அவர் பார்த்துக்கொள்ள மாட்டாரா, இவ்வளவு அவநம்பிக்கை எதற்கு என்று கேட்டார். அவர் என்னைத் திட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். பூசையில் முன்வரிசையில் உட்காருகிறவள் நான். அப்போது எழுந்தவர் பங்குச் சாமியார். இளவயதுக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"ஜெபத்த நாங்க பாத்துக்குறோம், போல்ட்ட நீங்க பாத்துக்குங்க."

இருபது வருஷத்தில் என் பக்கம் நின்று ஒருவர் பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான் என்பதால் அந்த வரியைத் தேதியோடு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த மாதமே அவரை வேறு பங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

வெளியே தெரிகிற பக்கம்

கூரையைப் பிடித்து வைக்கிற போல்ட்டு பாதி வெளியே இருக்கும், பாதி கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். உள்ளே இருக்கிற பாதியின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவுதான் பிடிக்கும். விழுப்புரத்தில் ஒரு மண்டப வேலைக்கு வெல்டிங் பட்டறை வைத்திருந்த சேகர் என்பவர் இரும்பு வேலை எடுத்திருந்தார். நல்ல மனிதர், பேச்சு சுத்தம், சொன்ன நாளுக்கு வந்து நிற்பார். நான் போனபோது தூண் அடிகளில் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். போல்ட்டுகள் வரிசையாக, நூல் பிடித்த மாதிரி நின்றன. சந்தேகப்பட ஒன்றுமில்லை. மிச்சம் என்று மூலையில் கிடந்த போல்ட்டுகளைக் காலால் புரட்டினேன். அவற்றுக்கு வளைவே இல்லை. ஆணி மாதிரி நேராக இருந்தன.

ஒரே ஒரு தூண் அடியை உடைத்துப் பார்க்கலாம் என்றேன். மண்டபக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. ஐப்பசியில் முதல் கல்யாணத்துக்குத் தேதி கொடுத்துவிட்டார், அதுவும் சொந்தத் தங்கை மகள் கல்யாணம். உடைத்தோம். உள்ளேயும் ஆணிதான். மொத்தம் பதினாறு தூண் அடிகளையும் உடைத்து, போல்ட்டு மாற்றி, திரும்பக் கான்கிரீட் போட்டு, அது இறுகக் காத்திருந்ததில் தேதி தாண்டிப்போயிற்று. கல்யாணம் வாசலில் பந்தல் போட்டு நடந்தது. அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். சேகர் மட்டும் கடைசிவரை என் மேல் கோபப்படவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வெளிய தெரியிற பக்கம் எல்லாம் கரெக்டா தானே மேடம் இருந்துச்சு?"

கடலோரத்தில் என் கையெழுத்து

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து நாலு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். மீன் ஏலம் போட, நாலு பக்கமும் திறந்த ஒரு கூடம் கட்டப்போகிறார்கள். உதவி செய்கிற அமைப்பு ஒன்று தகடும் இரும்பும் தருகிறது. வரைபடமும் இருக்கிறது என்று ஒரு ஜெராக்ஸை விரித்தார்கள். கீழே என் கையெழுத்து. விழுப்புரத்தில், நாலு பக்கமும் சுவர் இருக்கிற ஒரு அரிசி குடோனுக்கு நான் போட்டுக் கொடுத்தது. அது யார் கை மாறி, எந்தக் கடையில் ஜெராக்ஸ் ஆகி அவர்களிடம் வந்தது என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் என்னைத் தேடி வந்ததே, பெயருக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை வேண்டும் என்றுதான்.

இதைக் கடல் ஓரத்தில், சுவரே இல்லாமல் கட்டினால் நிற்காது என்று சொல்ல வேண்டும். எனக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சொன்ன அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க நினைத்தாலே சோர்வாக வந்தது. மேசை இழுப்பறையிலிருந்து காகிதத் துண்டை எடுத்து உதட்டுக்குக் கீழே வைத்தேன். நாலு பேரில் மூத்தவர், ஊர்ப் பஞ்சாயத்தில் இருக்கிறவர், கையை நீட்டி என்னை நிறுத்தினார். அவர் கட்டைவிரல் நகம் பாதி இல்லை, கயிறு அறுத்ததாம். நான் வாயைத் திறக்கவே விடவில்லை.

"படகுப் பாய்க்கு அடியில காத்து பூந்தா இன்னா ஆவும்னு எங்களுக்குத் தெரியும்மா, போல்ட்டு எவ்ளோ ஆழம் போவணும், அத்த மட்டும் சொல்லு."

கொல்லையில் கிடந்த கூரை

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்து ஓய்ந்த காலையில் எனக்கு ஒரு போன் வந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் மண்டபம் வைத்திருக்கும் தங்கராசு. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் கணக்குப் போட்டுக் கொடுத்த மண்டபம். "உங்க கூரை பறந்துடுச்சு மேடம்" என்றார். என் கூரை என்றுதான் சொன்னார். பஸ் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, இறங்கித் தள்ளி ஏறி இறங்கிப் போனோம். பழைய பைலை மடியில் வைத்திருந்தேன். திறந்து பார்க்கக் கை வரவில்லை. கணக்கை மனசுக்குள்ளேயே திரும்பப் போட்டுக்கொண்டு போனேன். எங்கே விட்டேன், எந்த எண்ணைத் தப்பாக எடுத்தேன் என்று. உள்ளே யாராவது இருந்தார்களா என்று போனில் கேட்கவில்லை. கேட்க பயம்.

மண்டபத்துக்குச் சுவர் இருந்தது, மேடை இருந்தது, மேலே வானம் இருந்தது. ஏணி போட்டு, சுற்றி ஓடும் கான்கிரீட் உத்தரத்தின் மேல் ஏறினேன். கூரையை அந்த உத்தரத்தோடு அடிக்கு ஒரு போல்ட்டு வைத்து இறுக்க வேண்டும் என்று வரைந்திருந்தேன். ஓட்டைகளை எண்ணிக்கொண்டே போனேன். மூன்றடிக்கு ஒன்று இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. தப்பு என் கணக்கில் இல்லை என்று சந்தோஷப்பட்டேன், உடைந்த மண்டபத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வேலை முடிந்த அன்றைக்கு நான் வந்திருந்தேன். அன்று ஏணி இல்லை, வெயில் வேறு. கீழே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு, போல்ட்டு எல்லாம் போட்டாச்சு என்று தங்கராசு சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தேன்.

கூரை பக்கத்துக் கொல்லையில், அப்போதுதான் முளைத்திருந்த மல்லாட்டைச் செடிகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தகடுகளை ஒன்றோடு ஒன்று மடித்துத் தைத்திருந்ததால் பெரும்பகுதி பிரியாமல் வளைவாகவே இருந்தது. நான் இறங்கி வந்ததும் போல்ட்டைப் பற்றித் தங்கராசுவிடம் கேட்டேன். அவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார்.

"பெருசா ஒண்ணும் ஒடையல பாருங்க மேடம், கிரேன் வெச்சு தூக்கி அப்டியே திரும்ப வெச்சுட்லாமா?"

மண்டபத்து வாச்மேன் வீட்டம்மா

அதே மண்டபத்தில் வாச்மேன் குடும்பம் தங்கியிருந்தது. அவர், அவர் சம்சாரம் சரசு, இரண்டு பெண் பிள்ளைகள். புயல் என்றதும் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் மண்டபத்துக்குள் வந்து படுத்திருக்கிறார்கள். பெரிய கட்டடம், பயமில்லை என்று. இதை நான் உத்தரத்திலிருந்து இறங்கிய பிறகுதான் சரசு சொன்னார். அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காற்று ஏற ஆரம்பித்ததும் சரசு அண்ணாந்து பார்த்திருக்கிறார். தகடு சத்தம் போட்டதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் கூரையே ஒரு கை அளவு மேலே எழும்பி, திரும்ப உட்கார்ந்திருக்கிறது. மறுபடி எழும்பி, மறுபடி உட்கார்ந்திருக்கிறது. அவர் பிள்ளைகளை எழுப்பி, மற்றவர்களையும் அதட்டி எழுப்பி, பின்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட சமையல்கட்டுக்கு எல்லாரையும் ஓட்டியிருக்கிறார். வாச்மேன் மட்டும் வர மாட்டேன், முதலாளி திட்டுவார் என்று நின்றாராம். அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். கடைசி ஆள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கூரை போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மேலே எழும்புகிறது என்பது உங்களுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். அதைப் புரியவைக்கத்தான் நான் பதினெட்டு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன். அவர் என் கையில் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்தார்.

"எனக்கு இன்னாம்மா தெரியும், கூர மூச்சு வுட்டுச்சு, வூடு மூச்சு வுடலாமா, அதான் புள்ளைங்கள இட்டுக்கினு போய்ட்டேன்."

அந்த மண்டபத்துக்குத் திரும்பக் கூரை போட்டபோது ஒவ்வொரு போல்ட்டையும் நானே ஏறி நின்று இறுக்கவைத்தேன். மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு ஏணி ஏறாமல் எந்த வேலைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது முட்டி வலி, ஏணியைப் பார்த்தாலே உள்ளுக்குள் ஒரு அலுப்பு வரும். ஆனாலும் ஏறுகிறேன்.

ஒன்றுமே ஆகாத கூரை

புயலுக்கு இரண்டு வருஷம் கழித்து விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரித் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர்களுடைய உள்விளையாட்டு அரங்கத்துக்கு நான்தான் கணக்குப் போட்டது. அதே அளவில் இன்னொன்று கட்ட வரைபடம் கேட்டிருந்தார்கள், முன்பே அனுப்பியிருந்தேன். புயலில் அந்தக் கல்லூரியில் சைக்கிள் ஷெட் போனது, மரங்கள் போயின, ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி உருண்டு ரோட்டுக்கு வந்தது. அரங்கத்தின் கூரையில் ஒரு தகடுகூடப் பெயரவில்லை. நானே போய்ச் சுற்றிப் பார்த்தேன். போல்ட்டுகள் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தன, பெயிண்ட்டில்கூட விரிசல் இல்லை. மனசு நிறைந்தது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு நல்ல வார்த்தை கேட்கப்போகிறோம் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன், நல்ல புடவை வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

தாளாளர் காப்பி கொடுத்தார். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டிலும் இரும்பின் எடையைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி, என்னை அன்பாகத்தான் பார்த்தார்.

"அவ்ளோ பெரிய புயல்லயே இதுக்கு ஒண்ணும் ஆகலயே மேடம், அப்ப போன தடவ நீங்க இரும்பு அதிகமாத்தானே போட்டிருக்கீங்க?"

கூரை பறந்தால் அது என்னுடையது, பறக்காமல் நின்றால் அதில் இரும்பு அதிகம் என்ற இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் தினமும் காலை ஒன்பதரைக்கு நான் ஆபீசைத் திறக்கிறேன்.